வெளிர்ப் போர்வையில் ஒரு கறுப்புப் பொட்டு

போன வாரம் பக்கத்து வீட்டுக்கு, பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். வெளிர் ரோஸ் நிறப் பஞ்சுப் போர்வையில் சுற்றியிருந்தது. கொஞ்சுவதை விட்டுவிட்டு என் கை போர்வையின் மூலையைப் புரட்டியது. "ஏனுங்க, வெலையப் பாக்கறீங்களா?" என்று அதன் அம்மா சிரித்தாள். மானம் போயிற்று.

நான் தேடியது வேறு. எனக்கு முதல் வேலை எடப்பாடியில், வெளிநாட்டுக்குக் குழந்தைப் போர்வை தைத்து அனுப்பும் கம்பெனியில். துண்டுகளைக் கலர் சேர்த்து அடுக்க வேண்டும். எல்லாமே பேஸ்டல் என்கிற வெளிர் கலர். மஞ்சள் என்று நான் எடுத்து வைப்பது பாதி நாள் வெள்ளையாக இருக்கும். அரக்கும் கிளிப்பச்சையும் கட்டுகிற எங்கள் தையல் பெண்களுக்கு ஒரே கேலி. "சாயம் போனதக் குடுத்துப் பச்சப் புள்ளைக்குத் தைக்கச் சொல்றாங்க பாரு!"

தைத்ததில் நூல் பிசிறு வெட்டி மடிப்பவர் ராசாமணியக்கா. கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர், கண்ணு பட்டுத்தான் போயிற்று என்பார். அவர் மட்டும் கேலி பேசியதில்லை.

லோடு ஏற்றும் நாள் காலை, முதலாளி ஒரு போர்வையை உதறினார். மூலையில் கறுப்பு நூலில் மிளகளவு பொட்டு. அடுத்ததிலும் இருந்தது. பெட்டிகளையெல்லாம் பிரித்துப் பார்த்தோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. மாலைக்குள் லாரி கிளம்பாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

கடைசியாகக் கை வைப்பவர் ராசாமணியக்காதான் என்பதால் முதலாளி அவரிடம் திரும்பினார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்கற?"

"அத்தனையும் வெளுப்பா இருக்குதுங்க. கொழந்தைக்குக் கண்ணு பட்டுருமுங்க."

"எல்லாத்தையும் பிரிச்செடு. இல்லீன்னா நாளைக்கு வராத."

"நான் வெச்ச பொட்ட நானே எடுக்க மாட்டனுங்க."

சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவர் நடந்துவிட்டார். அந்தக் கூலியில்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. மற்ற பெண்களும் கத்தரியைத் தொட மறுத்துவிட்டார்கள். கடைசியில் முதலாளியும் ஆண்கள் நாங்களும் உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டாகப் பிரித்தோம். லாரி நேரத்துக்குக் கிளம்பியது. அக்கா திரும்பி வரவே இல்லை.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். வெளிர்ப் போர்வைகள் கடைக்குக் கடை தொங்குகின்றன. முகம் தெரியாத ஒரு குழந்தைக்காகத் தன் சோற்றை விட்டுப் போகிற ஆளை மட்டும் அப்புறம் நான் பார்க்கவில்லை.