புதுச்சேரியில் வாங்கிய திட்டு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காலை எட்டு மணிப் பேருந்தில் நானும் என் மனைவி விமலாவும் ஏறினோம். எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்த பிறகு நாங்கள் போகும் முதல் வெளியூர் இது. மருத்துவமனைக்காகப் போன ஊர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே பழுதாகும் நோய் இது. நடக்கச் சொல்லி மூளை இடும் உத்தரவு காலுக்குப் பாதிதான் கேட்கும். சூடு ஏறினால் அந்தப் பாதியும் கேட்காது.

பதினொன்றரைக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் தள்ளாடிக் கம்பத்தைப் பிடித்தேன். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விமலாவிடம், "அக்கா, சார் வண்டில வாந்தி எடுத்துட மாட்டாரில்ல?" என்று கேட்டார்.

மதுக்கடைகளுக்குப் பேர்போன ஊர். வெளியூர்க்காரன் தள்ளாடினால் வேறென்ன நினைப்பார்கள்? விமலா விளக்கப் போனாள், நான் தடுத்துவிட்டேன். காபியைத் தாண்டி எதையும் குடித்தறியாத எனக்கு அந்தச் சந்தேகம் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. விடுதிவரை நூற்றைம்பது ரூபாய் கேட்டார். கொடுத்துவிட்டு, அறையில் மாலைவரை படுத்திருந்தோம்.

ஆறரைக்கு ஆட்டோவில் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பினோம். அந்த நேரத்தில் அங்கே வண்டிகளை விடுவதில்லை. தடுப்புக்கு வெளியே இறங்கி நடந்தோம். காற்றே இல்லை, ஒரே புழுக்கம். தெருமுனையில் கடல் தெரிந்தது. அதைப் பார்த்தபடி நடக்கையில் வலது கால் மடங்க, நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் தள்ளுவண்டியில் எலுமிச்சை சோடா விற்றுக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். அறுபது வயதிருக்கும்.

"பொண்டாட்டிய இட்டுகினு வந்த எடத்துலயும் குடிக்கணுமா? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு. வெக்கமா இல்ல உனக்கு?"

இந்த முறை விமலா எல்லாவற்றையும் சொன்னாள். உடம்பு குளிர்ந்தால் கால் சரியாகும் என்றும் சொன்னாள். அந்த அம்மாள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஐஸை உடைத்துத் துண்டில் சுற்றி என் பிடரியில் வைத்தார். பெயர் மரியம்மாள், வீடு உழவர்கரையில். கணவர் மில் தொழிலாளியாக இருந்து, குடித்தே போய்ச் சேர்ந்தவர்.

"அவரு நெசமாவே குடிச்சிட்டு உழுவாரு. எந்த ஐஸும் அவர எழுப்பல" என்றார். "நீ எழுந்துடு தம்பி."

கொஞ்ச நேரத்தில் எழுந்தேன். விமலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கடல்வரை போனேன். கருங்கற்களில் அலை அடித்துச் சிதறி முகத்தில் தெறித்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்த கால்களுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

மறுநாள் காலை ஊருக்குப் பேருந்து ஏறினோம். எங்கள் ஊரில் என் நோய் எல்லோருக்கும் தெரியும். என்னைக் கண்டதும் நாற்காலி வரும், தண்ணீர் வரும், குரல்கள் தாழும். நோய் வந்த பிறகு அங்கே யாரும் என்னைத் திட்டியதே இல்லை. மரியம்மாள் திட்டிய அந்த ஒரு நிமிடம், மனசு வைத்தால் திருந்திவிடக்கூடிய ஆளாக நான் இருந்தேன். இதை விமலாவிடம் சொன்னேன். அவள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நானும் திட்டலாமா?"

"தாராளமா."

நான் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதிலிருந்து ஆரம்பித்தாள். செஞ்சி வரும்வரை நிறுத்தவில்லை. முன்னிருக்கைக்காரர் ஒருமுறை திரும்பி என்னைப் பாவமாகப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கும் பார்வை இல்லை அது. பெண்டாட்டியிடம் வசமாக மாட்டிக்கொண்ட புருஷனைப் பார்க்கும் பார்வை.