கொடியில் கிடந்த சேலை

மெல்பேர்னில் எனக்கு வேலை கிடைத்தது ஓர் இயந்திரப் பட்டறையின் ஸ்டோரில். எழுபதுகளின் நடுப்பகுதி. ஆறு மாதம் பார்ப்போம், பிறகு நிரந்தரமாக்குவோம் என்றார்கள். இதைக் கேட்ட என் மனைவி, யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டு வந்த பெரிய சூட்கேஸைத் திறக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

“நிரந்தரக் கடிதம் வரட்டும். அதுவரைக்கும் கையிலை இருக்கிற நாலு சீலை போதும்” என்றாள்.

அந்தக் கடிதம் பட்டறையை மேற்பார்க்கிற என் போர்மனின் கையில் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் அலைச்சறுக்குப் பலகை வாங்கிய மனிதர் அவர். அவருடைய மகன்மார் அவரோடு சேர்ந்து தண்ணீரில் இறங்குவதில்லை, வெட்கமாம். நான் கடற்கரை ஊர்க்காரன் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டோர் யன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“கடல்காரன் நீ. சொல்லு, நாளைக்குக் காத்து எப்படி?”

கடற்கரை ஊரில் பிறந்தேன் என்பது உண்மை. கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை என்பதும் உண்மை. இரண்டாவதை அவர் கேட்கவில்லை. வெளியே தெற்கிலிருந்து மெல்லிய காற்று எழும்பிக்கொண்டிருந்தது. தெற்குக் காற்றென்றால் தென்றல்தானே. சங்ககாலம் முதல் சினிமாப் பாட்டு வரை ஒருவரும் அதைக் குறை சொன்னதில்லை.

“நல்ல காத்து. தைரியமாப் போங்கோ” என்றேன்.

திங்கட்கிழமை உதடு வெடித்து வந்தார். இந்த ஊர்த் தெற்குக் காற்று பனிக்கட்டிப் பக்கமிருந்து வருவதும், அலையைக் கரையிலே கஞ்சிபோலக் கலக்கி விடுவதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. வடக்குக் காற்றுத்தான் அவர்களுக்கு வேண்டியது. அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசி, வருகிற அலையை நிமிர்த்திச் சீவி நிறுத்துமாம்.

“அது தண்ணியில்லை மேட். குளிர் நெற்றியில் ஆணி அடிக்குது” என்றார். அதற்குப் பிறகும் என்னை விடவில்லை. “உன்ர மூக்கு இந்த ஊருக்குப் பழகட்டும். அடுத்த முறை சரியாச் சொல்லுவாய்.”

என் மூக்கு பழகவில்லை. பழகியது மனைவியின் சேலை.

பின்வளவில் குடைபோல விரிந்து சுழலுகிற துணிக்கொடியில் ஒரு பழைய பருத்திச் சேலையைக் கழற்றாமலே விட்டிருந்தாள். விடிய எழும்பி அதைப் பார்ப்பாள். அது பக்கத்து வீட்டு எலுமிச்சைப் பக்கம் பறந்தால் வடக்குக் காற்று. எங்கள் குசினி யன்னலில் வந்து அறைந்தால் தெற்கு, உடுப்புத் தோய்க்கக் கூடாது. “இந்த ஊர்க் காத்துக்குத் தாய் தகப்பன் இல்லை. ஆனா சீலைக்குப் பொய் சொல்லாது” என்பாள். சனிக்கிழமை விடிய போர்மன் தொலைபேசியில் கூப்பிடுவார். நான் தூக்கக் கலக்கத்தில் அவளைப் பார்ப்பேன். அவள் கையால் திசை காட்டுவாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடலோடு பிறந்தவன் குரலில் சொல்லுவேன்.

இலையுதிர் காலம் எனக்குப் பேரெடுத்துத் தந்தது. ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே எங்கோ அடித்த புயலின் அலை இங்கே வந்து சேருகிறபோது, காலையில் வடக்குக் காற்று மெல்ல வீசும். நான் சொன்னதெல்லாம் பலித்தது. பட்டறையில் மூன்று பேர் என்னைக் கேட்காமல் கார் எடுப்பதில்லை என்ற நிலை வந்தது. குளிர்காலத்தில் மேற்குக் காற்று ஊளையிட்டபோதும், இடையில் வருகிற ஒரு நல்ல நாளைச் சேலை பிடித்துத் தந்தது.

ஜூலையில் போர்மன் எங்கள் இருவரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார். பாறைக்கு மேலே கார்கள் நிற்கிற இடம். ரப்பர் உடுப்புக்குள் தங்களைத் திணித்துக்கொண்டிருந்தவர்களிடம் என்னைக் காட்டி, “இவன்தான் அந்த ஆள்” என்றார்.

“எப்படிக் கண்டுபிடிக்கிறாய்?” என்று தாடிக்காரர் ஒருவர் கேட்டார்.

“வாசம்” என்றேன். கண்ணை மூடி மூச்சையும் இழுத்துக் காட்டினேன். சும்மா இருந்திருக்கலாம்.

தாடிக்காரர் என் மனைவியின் பக்கம் திரும்பினார். “வீட்டிலும் இப்படித்தான் மோந்து பார்ப்பாரோ?”

பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், தன் கொன்வென்ட் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: “வீட்டில் அவர் நித்திரை. கொடியில் என்னுடைய சேலை கிடக்கிறது. பார்த்துச் சொல்லுகிறவள் நான்.”

எல்லோரும் சிரித்தார்கள், போர்மனைத் தவிர. அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு இறங்கிவிட்டார். ஆறு மாதம் முடிய ஐந்து கிழமை இருந்தது.

“என்ன வேலை செய்தனீர்? கடிதம் அந்த மனுசன்ர கையிலை எல்லோ” என்றேன்.

“ஓம், தெரியும். கடிதத்தை வாங்கிப்போட்டு ஆயுள் முழுக்கக் காத்தை மோந்துகொண்டு திரியப் போறீங்களோ?”

ஒரு மணி நேரம் கழித்துப் போர்மன் நீல உதடுகளோடு ஏறி வந்தார். தேநீரை வாங்கிக்கொண்டு அவளிடம் மட்டும் கேட்டார்: “மேற்குக் காத்துக்குச் சேலை என்ன செய்யும்?”

“கொடிக் கம்பத்தைச் சுத்திக்கொள்ளும். அண்டைக்கு வீட்டிலை இருங்கோ.”

திரும்பி வரும் வழி முழுவதும் அவர் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. பட்டறையிலும் அப்படித்தான். வந்தார், துளையூசி கேட்டார், போனார். ஓகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை யன்னலுக்குள்ளால் உறையொன்றை நீட்டினார்.

“ஸ்டோரிலை ஒரு திருகாணிகூடக் குறையேல்லை. அதுக்கு இது” என்றார். “காத்துப் பற்றி இனி வாய் திறவாதை.”

மறுநாள் விடிய தொலைபேசி அடித்தது. எடுத்துக் குட்மார்னிங் சொன்னேன்.

“நீ இல்லை மேட். அவவிட்டைக் குடு.”

அவள் வாங்கி, “வடக்கு. ஆனா பத்து மணிக்குள்ளை திரும்புங்கோ” என்று சொல்லி வைத்தாள். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்தாள்.

“கடிதம் வந்திட்டுது எண்டோ?” என்றேன்.

“அதுக்கில்லை. கொடியிலை கிடக்கிறது நைஞ்சு போச்சு. இன்னொண்டு எடுக்கவேணும்.”