குகை வாசலில் சோற்றுக் கிடாரம்

கல்முனையில் என்னைவிட அதிகம் குகைக்குள் இறங்கினவன் இல்லை. பொய்தான். மூன்று குகைகளின் வாசலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இன்று நான்காவது. கூட்டாளிமார் ஐந்து பேரும் கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டார்கள். நான் வெளியே சோறாக்குகிறேன். குகைக்கென்று வாங்கி நெற்றியில் கட்டிய லைட்டால் கிடாரத்துக்குள் பார்க்கிறேன்.

மாடு மேய்க்கிறவர் ஒருவர் நின்று, அண்ணன் முறை வைத்துக் கேட்கிறார்.

"காக்கா, நீங்க இறங்கல்லியா?"

"நான் இறங்கினா ஆர் ஆக்குற?"

"அப்ப ஒங்களக் கூட்டி வந்ததே அதுக்குத்தானா?"

புகை பட்டதுபோல் கண்ணைக் கசக்குகிறேன்.

"சே, இல்ல தம்பி. இண்டைக்குச் சாப்பிட்டுட்டு என்னையும் இறக்குற எண்டு சொல்லிரிக்காங்க. போன முறை என்ன நடந்த எண்டா..."

குகைக்குள்ளிருந்து குரல் வருகிறது.

"மச்சான், சஹன் தட்டுல சோத்தப் போடு! திண்டுட்டு உடனே ஊருக்கு வெளிக்கிடுவம்!"