ஆரஞ்சு நிறக் கேப்ஸ்யூல்

எங்கள் கம்பெனியில் ஒரு கேப்ஸ்யூலின் நிறத்தை மாற்றினார்கள். அந்தப் பெரிய சாதனையைக் கொண்டாடக் கேக் வேறு வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நான் மருந்துப் பொடி தயாரிக்கிறவள். புனேயில் வாகட் என்கிற பகுதியில் வீடு, கம்பெனி பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் ஆய்வுக்கூடம். மாத்திரையும் சிரப்பும் மற்றவர்கள் வேலை. என் வேலை, மூச்சுக்குழாய் சுருங்கியவர்கள் வாயால் இழுத்துக்கொள்ளும் உலர்பொடி. பொடி கேப்ஸ்யூலுக்குள் இருக்கும், ஆனால் விழுங்கக் கூடாது. ஒரு சின்ன பிளாஸ்டிக் இன்ஹேலருக்குள் போட்டு, அழுத்தித் துளைத்து, வாயில் வைத்து இழுக்க வேண்டும். கேப்ஸ்யூல் உள்ளே கிர்ரென்று சுழலும், பொடி கிளம்பி நுரையீரலுக்குப் போகும்.

சொல்வதற்கு எளிது. நுரையீரலின் ஆழம் வரை போக வேண்டுமென்றால் மருந்தை மிக மிக நுண்மையாக அரைக்க வேண்டும். அப்படி அரைத்தால், ஈரக் கரண்டி போட்ட உப்பு ஜாடி மாதிரி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் பருமனான பால் சர்க்கரையோடு கலக்கிறோம். மருந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வெளியே வரும். இழுக்கிற வேகத்தில் பிரிந்து உள்ளே போகும், சர்க்கரை தொண்டையோடு நின்றுவிடும். இழுத்தபின் நாக்கில் லேசாக இனிப்பது மருந்தல்ல, அது வந்த வண்டி. மருந்து சர்க்கரையை விட்டுப் பிரியாமலும் இருக்கக் கூடாது, சீக்கிரமே பிரிந்துவிடவும் கூடாது. அந்த நடுவாந்தரத்தைப் பிடிப்பதற்குள்தான் என் தலைமுடி நரைத்தது.

பொடி சரியாக வருகிறதா என்று சோதிப்பது ஒரு பம்ப். அது எப்போதும் ஒரே பலத்தோடு இழுக்கும். இருமாது, களைக்காது, மாடிப்படி ஏறாது. ஏ.சி. அறையில், ஈரம் அண்டாமல் அது இழுத்தால் கேப்ஸ்யூலைத் துடைத்து வைத்தது மாதிரி இருக்கும். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

என் அப்பாவுக்கு அந்தப் பலம் கிடையாது. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, புனேயில் விமானப்படைத் தளம் இருக்கும் லோஹேகாவிலேயே தங்கிவிட்டார். அம்மா போனபிறகும், என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து என்னோடு இருங்கள் என்றால், அந்த உயரத்தில் பிளேனில்தான் இருக்கலாம், வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டார். நுரையீரல் பல வருடமாகவே சரியில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது நாங்கள் தயாரிக்கும் மருந்துதான். "மேரி பேட்டி பனாத்தி ஹை", என் மகள் செய்வது என்று பெருமையடிக்காமல் கடைக்காரரிடம் அதை வாங்கியதே இல்லை.

அவருக்கு ஒரு பழக்கம். இழுத்து முடித்ததும் இன்ஹேலரைத் திறந்து, கேப்ஸ்யூலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கேப்ஸ்யூல் அப்போது கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் வெள்ளையாக மிச்சம் தெரிந்தால் மறுபடி உள்ளே போட்டு இழுப்பார். மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஒரு தடவை இழுப்பார். சுத்தமாகக் காலியான பிறகுதான் "பஸ், போதும், டாங்க் காலி" என்று குப்பையில் போடுவார். மூச்சு குறைவானவர்கள் எல்லோரும் இப்படித்தான் சமாளித்தார்கள்.

அவர்களில் பலர் கம்பெனிக்குப் போன் செய்து புகாரும் சொன்னார்கள், பொடி மிச்சமிருக்கிறது என்று. நியாயமான புகார். மழைக்காலத்தில் மூடியைத் திறந்து திறந்து மூடினால் பாட்டிலுக்குள் ஈரம் போகும், பொடி கேப்ஸ்யூலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். ஈரம் குறைவாக இழுக்கும் வேறு வகைக் கேப்ஸ்யூல் போடலாம், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அலுமினியத் தாளில் அடைக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். செய்து பார்த்தும் காட்டினேன். நல்ல யோசனை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

ஆனால் விற்பனைப் பிரிவின் தலைவர் அடுத்த வருடம் வரை காத்திருக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து, புகார் ஏன் வருகிறது, மிச்சம் கண்ணுக்குத் தெரிவதால்தானே வருகிறது என்றார். திரையில் அடுத்த படமாகப் பளபளவென்று ஓர் ஆரஞ்சு நிறக் கேப்ஸ்யூல் வந்து நின்றது. அதன் வழியாக எதுவும் தெரியாது. அறையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். நோயாளிக்கு இருக்கிற ஒரே அடையாளம் அந்த மிச்சம்தான், அது தெரியவில்லை என்றால் பாதி மருந்தோடு நிறுத்திவிடுவார் என்று சொன்னேன். அவர் புன்னகை மாறாமல், பெட்டிக்குள் வைக்கும் தாளில் இரண்டு தடவை இழுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார். அந்தத் தாளின் எழுத்தை நானே பூதக்கண்ணாடி இல்லாமல் படித்ததில்லை. பொடியைச் சரிசெய்யத் துப்பில்லை, பார்க்கிறவன் கண்ணைக் கட்டினால் போதும் என்கிற இந்தப் புத்திக்குக் கம்பெனியில் பெயர், தீர்வு. நிறம் மாறிய பிறகு புகார்கள் மடமடவென்று குறைந்தன. கேக் வெட்டியது அதற்குத்தான்.

புதுச் சரக்கு கடைக்கு வந்தால் கட்டாயம் இரண்டு தடவை இழுங்கள் என்று அப்பாவிடம் முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை லோஹேகாவ் போனேன். அப்பா பால் பாக்கெட்டோடு மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தார். மூச்சு விசில் அடித்தது. பேசுவதற்கு முன் கையைக் காட்டி, இரு என்றார். கைத்தாங்கலாகத்தான் வீட்டுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

"மௌசம் சரியில்லம்மா, மழை, அவ்ளோதான்" என்றார்.

"மருந்து எடுத்தீங்களா?"

"காலையிலேயே எடுத்தாச்சு. உங்க புது கேப்ஸ்யூல் ஜபர்தஸ்த். ஒரே இழுப்பு, சுத்தமா காலி."

"காலின்னு எப்படிப்பா தெரியும்?"

"மிச்சமே தெரியலையே! சரி பண்ணிட்டீங்கன்னுதானே கலரை மாத்தியிருக்கீங்க?"

"ரெண்டு தடவை இழுக்கச் சொன்னேனே?"

"அது பழசுக்குன்னு நெனச்சேன்."

குப்பைக்கூடையைக் கிளறி, காலையில் அவர் போட்டிருந்த கேப்ஸ்யூலை எடுத்தேன். ஜன்னலோரம் அவருடைய ஷூ பாலிஷ் டப்பா இருந்தது. அதன் கறுப்பு மூடியைக் கவிழ்த்து, கேப்ஸ்யூலை இரண்டாகப் பிரித்து, அதன்மேல் தட்டினேன். வெள்ளைப் பொடி குவியலாக விழுந்தது. பாதிக்குக் குறையாது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற மகள் செய்த மருந்து, அவருக்குள் போகாமல் பாலிஷ் டப்பாவின்மேல் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தக் கூட்டத்தில் தலையாட்டிய ஒவ்வொருவரையும் இந்த அறைக்கு இழுத்து வந்து, அந்த மூச்சைக் கேட்க வைக்க வேண்டும்போல் இருந்தது.

"அரே, ஃப்யூயல் கேஜ் மேல பெயிண்ட் அடிச்சிட்டு பிளேனை அனுப்புவாங்களா?" என்றார் அப்பா. "எவன்மா இதைச் செஞ்சான்?"

என் பதிலுக்குக் காத்திராமல் பெட்டியில் அச்சிட்டிருந்த உதவி எண்ணைப் பார்த்துத் தானே போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். ஓர் இளம்பெண் எடுத்தாள். பேச்செல்லாம் இந்தியில்தான். மருந்து முழுதாக உள்ளே போகவில்லை என்று அப்பா மூச்சு வாங்கி விட்டு விட்டுச் சொன்னார்.

கவலை வேண்டாம் சார், இழுத்தபிறகு கேப்ஸ்யூலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பொடி மிச்சம் தெரிந்தால் மறுபடி ஒருமுறை இழுங்கள் என்றாள் அவள். பழைய கேப்ஸ்யூலுக்கு எழுதிக் கொடுத்த பதிலையே இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். நிறத்தை மாற்றியவர்களுக்கு இதை மாற்றத் தோன்றவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்து, "பேட்டி, கைஸே தேகூன்?" என்றார். எப்படிம்மா பார்ப்பேன்?

அவள் அதே வரியை மறுபடி படித்தாள்.

சரி, இதைப் புகாராக எழுதிக்கொள் என்றார் அப்பா.

"பொடி மிச்சம் தெரிகிறதா சார்? தெரிந்தால்தான் புகாராகப் பதிய முடியும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பே இருமலாகி, முகம் சிவந்து, மூச்சுக்குத் தவித்துப் போனை என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே மறுகையில் போனை எடுத்தேன்.

மிச்சம் தெரிகிறது, கேப்ஸ்யூலை உடைத்துப் பார்த்துவிட்டேன், புகார் என்றே எழுதுங்கள் என்றேன். யார் பேசுவது என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். அந்தப் பொடியைத் தயாரிப்பவள் நான்தான் என்பதையும், எந்தப் பிரிவில் வேலை செய்கிறேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். எழுதியதை ஒருமுறை எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன்.