சிவப்பு மணி எதைத் தொட்டது?

லிசி அளந்து சொன்னால், கொசுவின் மீசையில் எத்தனை முடி, ஒவ்வொன்றும் எத்தனை தடிமன் என்று அரியமங்கலம் தொழிற்பேட்டையே கைகட்டிக் கேட்கும். சரி, சரி, கொசு மீசை நானாகச் சேர்த்துக்கொண்டது. கேட்பதும் பதினோரு பேர்தான், அதில் இரண்டு பேருக்குக் காது மந்தம். ஆனால் தலைமுடியைவிடச் சன்னமானதை அவள் அளப்பது சத்தியம்.

அவள் வேலை பார்க்கும் பட்டறையில் லேத்தில் பித்தளை வளையம் கடைகிறார்கள். துளைவாயின் கூர்மை, அதில் செருகும் ரப்பரை வெட்டிவிடாமல் இருக்க, விளிம்பைச் சரிவாக ஒரு சீவு சீவுவார்கள். அதற்குப் பெயர் சேம்ஃபர். இந்த ஆர்டரில் அது கால் மில்லிமீட்டர்தான். ஏசி போட்ட கண்ணாடி அறையில் சிஎம்எம் என்கிற அளக்கும் மெஷின் இருக்கிறது. நுனியில் சிவப்புக் கல் மணி வைத்த ஒரு குச்சியை இறக்கி, வளையத்தை அங்கங்கே தொட்டுத் தொட்டு அளவு சொல்லும். அதை ஓட்டுகிறவள் லிசி.

போன வியாழக்கிழமை நூற்றிருபது வளையம் தயார். நாலு மணிக்கு வண்டி. லிசி பத்துப் பீஸை வைத்துப் பார்த்தாள். பத்திலும் சேம்ஃபர் குறைச்சல். டிரே முழுக்க ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, முதலாளி ஹரிபிரசாத்துக்குப் போன் போட்டாள். "அப்ப எல்லாத்தையும் இன்னொரு தடவை சீவச் சொல்லும்மா" என்றார் அவர்.

லேத்காரர் தஹ்ஸீன் பாய் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த லேத்தோடு குடித்தனம் நடத்துகிறவர்.

"லிசிம்மா, நான் சீவினது சரியாத்தான் இருக்கு. இன்னொரு தடவை சீவினா நூத்திருபதும் குப்பைக்குத்தான் போகும்."

"மெஷின் பொய் சொல்லாது பாய்."

"ஏன், அது ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்துச்சா? தொட்டேன்னு சொல்லுது, சரி. எதைத் தொட்டுச்சாம்? கேட்டீங்களா?"

லிசிக்கு மூக்கு சிவந்துவிட்டது. மூன்று வருஷத்தில் அவள் கொடுத்த ரிப்போர்ட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் பாய் வெளியே போய் முதல் வளையத்தை லேத்தில் மாட்டக் கை வைத்ததும் அவர் கேட்ட கேள்வி உறுத்த, அவள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"சாப்பிட்டுட்டு ஆரம்பிங்க பாய்!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

நீல முத்திரை மையில் குண்டூசியைத் தோய்த்து, வளையத்தின் சரிவில் மட்டும் சுற்றித் தடவினாள். மணியை இறக்கினாள். மெஷின் ‘பீப்’ என்றது. அதே குறைச்சல் அளவு. மணியை டிஷ்யூவால் துடைத்தாள். டிஷ்யூ வெள்ளை வெளேரென்று இருந்தது.

இந்த வளையத்தில் சரிவை ஒட்டியே ஒரு கரை எழும்பி நிற்கிறது. அதில் மை தடவி இறக்கினாள். மணியில் நீலம்!

இரண்டு மில்லிமீட்டர் மணி அது. சத்திரம் போகிற டவுன் பஸ்ஸில் நெருக்கி உட்கார வந்த குண்டு ஆள் மாதிரி, சீட்டில் இறங்குமுன் கம்பியில் இடித்து நின்றிருக்கிறது. மெஷினுக்கு எல்லாம் தொட்ட கணக்குதான். கரை இல்லாத பழைய வளையத்துக்கு எழுதின புரோகிராமை, மணியைக்கூட மாற்றாமல் அப்படியே ஓட்டியது யார்? சாட்சாத் லிசி.

"பாய்! கையை எடுங்க! லேத்தைத் தொடாதீங்க!"

அரை மில்லிமீட்டர் மணி ஒன்று உண்டு. ஆனால் பட்டறையில் இல்லை. பார்த்தாலே உடைந்துவிடும் என்று ஹரிபிரசாத் அதை ஸ்ரீரங்கத்து வீட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்தார். லிசி ஸ்கூட்டரை முறுக்கினாள். காவிரிப் பாலத்து நெரிசலில் புகுந்து புறப்பட்டு உத்தர வீதியில் போய் நின்றாள். முதலாளியின் மனைவி ரெங்கநாயகி இரண்டு குட்டி டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"ரெண்டும் செகப்புக் கல்லுதான்டிம்மா. ஒண்ணு என் மூக்குத்தி. உன்னோடது எதுன்னு நீயே பாத்து எடுத்துக்கோ. எங்காத்துக்காரருக்கு மூக்குத்தி தொலைஞ்சாலும் பரவாயில்லை, இது தொலையப்படாது!"

திரும்பி வந்து புது மணியை மாட்டி, சரிபார்த்து, அதே பத்தையும் வைத்தாள். பத்தும் பிசகாமல் கால் மில்லிமீட்டர். பழைய ரிப்போர்ட்டைத் தன் கையாலேயே கிழித்தாள். போனில், "சார், தப்பு என்னோடது. பாய் சரியாத்தான் சீவியிருக்கார்" என்றாள். பாய் கதவருகே நின்று, கேட்காதவர் மாதிரி தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

பத்தோடு விட அவளுக்கு மனசில்லை. சோற்று டப்பாவைத் திறக்காமல், ஒவ்வொரு பீஸாக எல்லாவற்றையும் அளந்தாள். நாலு மணி வண்டியில் நூற்றிருபது வளையமும் ஜம்மென்று ஏறிப் போயின. ஒன்றுகூடச் சோடை இல்லை!

இதுவரை எழுதியதை நான் வாசித்துக் காட்டியபோது, எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த தஹ்ஸீன் பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரிங்கம்மா. ஆனா ஏறினது நூத்திப்பதினெட்டு. ரெண்டு நெசமாவே நான் கெடுத்தது. கெஞ்சிப் பாத்தேன், லிசிம்மா விடல."