வடக்குக் கதவுக்கு முட்டுக் கொடுத்தவன்

புயலைப் பற்றி எல்லாம் தெரிந்த முட்டாள் ஒருவன் பேராவூரணிப் பக்கம் இருந்தான் என்றால், அது நான்தான்.

மனைவி போன பிறகு, தோப்பு நடுவே இருக்கும் வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை கைப்பேசியில் வரும் செயற்கைக்கோள் படம்தான். வங்கக்கடலில் வெள்ளையாக ஒரு சுழி தெரிந்தால் போதும், பேரன் பிறந்த சேதி சொல்பவன் மாதிரி எதிர்வீட்டு பாயின் மளிகைக்கடைக்கு ஓடுவேன்.

"கடல் தண்ணி இருபத்தாறு, இருபத்தேழு டிகிரிக்கு மேல சூடாகணும் பாய். ஆவி மேல ஏறும். அங்க குளுந்து மழையாகறப்ப சூட்ட விட்டுடும். அதுல காத்து இன்னும் வேகமா ஏறும். கீழ காலியான இடத்துக்குச் சுத்துப்பட்டுக் காத்தெல்லாம் ஓடியாரும். பூமி சுத்துதில்ல, அதனால நேரா வராம சுழண்டு வரும். அமெரிக்காக்காரன் ஹரிக்கேன்னு சொல்றதும் இதான்."

பாய் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார். வகுப்பு முடிந்தது என்று அர்த்தம்.

ஒரு வருஷம் புயல் நிஜமாகவே எங்கள் கரைக்கு வந்தது. கிழக்கிலிருந்து வந்து நேராக நம்மேல் ஏறும் புயலுக்கு, முதல் அடி வடக்குக் காற்று. அதனால் கட்டில், பீரோ, நெல்மூட்டை அத்தனையையும் வடக்குக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். காலையில் தொடங்கியது காற்று. ஒவ்வொரு தென்னை சாயும்போதும், "விழுந்துடுச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். பீரோக் கண்ணாடியில் இருந்த ஆளும் வாயசைத்தான். வேறு யாரும் கேட்கவில்லை.

திடீரென்று எல்லாம் நின்றது. மழைகூட இல்லை, மேலே வெளிச்சம். புயலின் கண் எங்கள் தலைக்கு மேல் இருந்தது. இது கடந்ததும் காற்று அப்படியே திரும்பித் தெற்கிலிருந்து அடிக்கும் என்று பாயிடம் எத்தனையோ முறை சொன்னவன் நான். என் தெற்குக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது, கயிறுதான். புத்தியுள்ளவன் கட்டிலை அங்கே இழுத்திருப்பான். நான் செருப்பைத் தேடினேன். யாராவது ஒருத்தர் குரலைக் கேட்டால் போதும் என்றிருந்தது.

விழுந்த மட்டைகளைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனேன். பாய் தனியாக ஓர் அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இந்த நேரத்துல?"

"சும்மாதான் பாய். இது கண்ணு. முடிஞ்சுதுன்னு நெனச்சுடாதீங்க. இனிமே தெக்குக் காத்து வரும், இதவிட மோசமாவும் இருக்கலாம். தரையில ஏறிட்டா கடல் ஆவி கெடைக்காது, அப்புறம்தான் மெல்ல அடங்கும்."

பாய் மூட்டையைத் தெற்குக் கதவுப் பக்கம் திருப்பினார். துடைக்கத் தராசும் கையில் இல்லை. தோப்புக்கு அப்பால் உறுமல் கேட்டது.

"சரி, அப்ப நான் வர்றேன் பாய்" என்றேன். வாய்தான் சொன்னது; கால் வாசற்படியிலேயே நின்றது.

"உள்ள வந்து அந்த முனையப் பிடிங்க சார்."