செல்லியம்மாவின் கிரைண்டர்

விலை பேசுவதற்கு முன்னால் சாமானைத் துடைத்துவிடுவது இஸ்ரேலின் வழக்கம். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, தூசி படிந்த டிவியின் தலையையோ பீரோவின் கண்ணாடியையோ பொறுமையாகத் துடைப்பார். அதற்குப் பிறகுதான் "சொல்லுங்க, எவ்ளோ எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்பார். அதற்குள் சாமான் பளிச்சென்று ஆகியிருக்கும். விற்கிறவருக்கே அதன்மேல் புதிதாக ஓர் ஆசை வந்திருக்கும். ஐந்நூறு சொல்ல இருந்தவர் எழுநூறு சொல்லுவார்.

"வாங்கப் போறவன் எவனாச்சும் சாமானுக்குப் பவுடர் போட்டுட்டு வெல கேப்பானா?" என்று அவர் மனைவி தபீதாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"அழுக்கோட வெச்சிக்கினு வெல கேட்டா, அவங்க குடும்பம் பண்ணதையே கொற சொல்ற மாதிரி இருக்குது தபீதா."

"ஆமா, ஊர் குடும்பத்தையெல்லாம் பாரு. நம்ம குடும்பத்த எவன் வந்து தொடைக்கிறது?"

இந்தச் சண்டை முப்பது வருஷம் நடந்தது. ஒரு நாளும் யாரும் ஜெயிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் இஸ்ரேல் பங்காருபாளையத்தில் மாங்கூழ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். சீசன் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் சித்தூருக்கு வந்து கிடைத்த மூட்டையைத் தூக்குவது. தொண்ணூறுகளில் ஊர் மெல்லக் கிளம்ப ஆரம்பித்தது. இன்று இந்த வீட்டுக்காரர் பெங்களூருக்கு, நாளை அந்த வீட்டுப் பெண் குவைத்துக்கு என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடு பூட்டிக்கொண்டது. கிளம்புகிறவர்களால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கிளம்பாதவர்களோ கடைகளில் புதிதாக வந்து இறங்கிய கலர் டிவிக்காகப் பழைய கறுப்பு வெள்ளையைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். இஸ்ரேல் ஒரு மூன்று சக்கர வண்டியை வாங்கினார். சர்ச் காம்பவுண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். அதுதான் கடை. போர்டு கிடையாது. "இஸ்ரேல் ஷெட்" என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்லுவார்கள்.

அந்த ஷெட்டில் சாமான்களுக்கு ஆட்களின் பெயர் இருந்தது. ரங்கையா சைக்கிள், மல்லிகா டீச்சர் ஃபேன், லட்சுமம்மா கட்டில். யாராவது வந்து "பீரோ இருக்குதா?" என்று கேட்டால், "கிருஷ்ணம்மா பீரோ இருக்குது, பாக்கறீங்களா?" என்பார். கிருஷ்ணம்மா எப்படிப்பட்டவள் என்று ஊருக்குத் தெரியும். அவள் பீரோவும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வாங்குவார்கள்.

அந்தக் கிருஷ்ணம்மாவால்தான் வாக்கு என்ற ஒன்று ஆரம்பித்தது. பெங்களூருக்குப் போன குடும்பம் நாலே மாசத்தில் திரும்பி வந்தது. வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன் என்றவன் ஏமாற்றிவிட்டான். வந்ததும் அந்த அம்மாள் நேராக ஷெட்டுக்கு வந்து, விற்றுப்போன பீரோ நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இஸ்ரேல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு, அதை வாங்கியிருந்த வாத்தியார் வீட்டுக்குப் போனார். வாங்கிய பணத்தை அப்படியே அவரிடம் கொடுத்து, தனக்கு வந்த நூற்றைம்பது ரூபாய் லாபத்தையும் விட்டுவிட்டு, பீரோவைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தார். தான் கொடுத்த விலையை மட்டும் கிருஷ்ணம்மாவிடம் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊரைவிட்டுக் கிளம்புகிற எல்லோரிடமும் அதைச் சொல்ல ஆரம்பித்தார். "போற எடத்துல செட் ஆகலன்னா வாங்க. ஒரு வருஷம் கெடு. குடுத்த வெலைக்கே எடுத்துக்குங்க." வாங்குகிறவர்களிடமும் மறைக்க மாட்டார். "இது இன்னார் சாமான். வருஷத்துக்குள்ள வந்து கேட்டா திருப்பிக் குடுக்கணும், உங்க காசு உங்களுக்கு." யாரும் மறுத்ததில்லை. அடுத்த வருஷம் தாங்களே மூட்டை கட்ட வேண்டியிருக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. சாமானைக் கொடுத்துவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவேயில்லை. ஆனால் பஸ் ஏறும்போது அவர்கள் முகத்தில் ஒரு தெம்பு இருந்ததை தபீதாள் பார்த்திருக்கிறாள். வீட்டைக் கலைத்துவிட்டுப் போகிறோம் என்பதைவிட, இஸ்ரேலிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போகிறோம் என்று நினைத்துக்கொள்வது அவர்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு எல்லாம் போனுக்குள் போனது. சனிக்கிழமைகளில் நிற்க இடமில்லாத ஷெட்டில் காக்கை வந்து உட்கார்ந்தது. பெங்களூரிலிருக்கும் மகள் ஒரு பழைய போனை அனுப்பி, அதில் பழைய சாமான் வாங்கி விற்கிற ஓர் ஆப்பையும் போட்டுக் கொடுத்தாள். மிஷன் ஸ்கூலில் எட்டாவது வரை படித்த தபீதாள்தான் அதைத் தடவித் தடவிப் பழகினாள். முதலில் எல்லாமே இலவசம். போட்டோ எடுத்துப் போட்டால் திருப்பதியிலிருந்தெல்லாம் ஆள் கூப்பிட்டான். "ஷெட்டுக்குக் கட்ற வாடகையே தண்டம் போல கீதே" என்று இஸ்ரேலே சொன்னார். இரண்டு வருஷம் போன பிறகு மெல்ல ஆரம்பித்தது. நாலு சாமானுக்கு மேல் போட்டால் காசு. மேலே தெரிய வேண்டுமானால் காசு. விற்றால் அதில் ஒரு பங்கு. வாங்குகிறவனிடம் தனியாக ஒரு பாதுகாப்புக் கட்டணம்.

செல்லியம்மாவின் கிரைண்டர் வந்தது அந்தச் சமயத்தில்தான். அவளும் புருஷன் திருமலையும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். கடை இருந்த இடத்தை உரிமையாளர் இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னதும், பெங்களூரில் ஒரு கேன்டீனில் இருவருக்கும் வேலை கிடைத்ததும் ஒன்றாக நடந்தது. இடுப்பளவு உயரம், சாய்த்து மாவை வழிக்கிற பெரிய கிரைண்டர் அது. இஸ்ரேல் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினார். வாக்கும் கொடுத்தார்.

ஆப்பில் போடும்போது அவர் சொல்லச் சொல்ல தபீதாள் எழுதினாள்: "இது செல்லியம்மா கிரைண்டர். ஒரு வருஷத்துக்குள் கேட்டால் திருப்பித் தர வேண்டும். நேரில் வாங்க, டீ குடித்துப் பேசலாம்." கீழே போன் நம்பர். கால்மணி நேரத்தில் ஆப் அதைத் தூக்கிவிட்டது. நம்பர் போடக் கூடாதாம், வெளியில் சந்தித்துப் பேசக் கூடாதாம்.

"டீ குடிக்கக் கூப்பிட்டா தப்பா?" என்றார் இஸ்ரேல்.

"அவனுக்குப் பங்கு வராம நீ டீ குடிக்கறதுதான் தப்பு" என்றாள் தபீதாள். பெயர், வாக்கு, டீ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெரிய கிரைண்டர், நல்ல நிலை, எட்டாயிரம் என்று மட்டும் மறுபடி போட்டாள். எடுக்க வருகிறவனிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இஸ்ரேல் ஒத்துக்கொண்டார்.

வாங்கியவன் வரவில்லை. ஆப்காரர்களின் வண்டி வந்தது. டிரைவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிரைண்டரை ஏற்றினான். இஸ்ரேல் வண்டியோடு நாலடி ஓடி, "தம்பி, வாங்கறவருகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். "ஆப்ல மெசேஜ் போடுங்க சார்" என்றவன் போய்விட்டான். ஆப்பில் பார்த்தால், விற்பனை முடிந்ததால் பேச்சு மூடப்பட்டது என்றிருந்தது. வண்டி ஏர்பேடு பக்கம் போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

எட்டாவது மாசம் செல்லியம்மா திரும்பி வந்தாள். கொரோனாவில் கேன்டீனை மூடிவிட்டார்கள். திருமலைக்கு மூச்சு சரியில்லை, கனமான வேலை எதுவும் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டு அவள் சிரித்தாள்.

"அண்ணா, இன்னாத்துக்கு ஒருத்தன் கிட்ட கை ஏந்தணும்? வூட்டு வாசல்லயே மாவாட்டி விக்கலாம்னு கீறேன். என் கிரைண்டர எடுத்துக்கினு போறேன்."

"குடுத்துடலாம்மா" என்றார் இஸ்ரேல். அந்த வார்த்தையை அவர் இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிப் பழகியிருந்தார். இந்த முறை சொல்லும்போது அவர் கை துண்டைத் தேடியதை தபீதாள் கவனித்தாள்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் இருவரும் திருப்பதி போய் அங்கிருந்து ஏர்பேட்டுக்குப் போனார்கள். டிரைவரைத் தேடிப் பிடித்து வாங்கிய விலாசம் கையில் இருந்தது. கதவைத் திறந்தது ரமணா என்ற இளைஞன். உள்ளே செல்லியம்மாவின் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி மாவைப் பாக்கெட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் வேலை போய், இப்போது வீடு வீடாக மாவு போட்டுப் பிழைக்கிறான்.

இஸ்ரேல் வாக்கைப் பற்றிச் சொன்னதை அவன் கடைசிவரை கேட்டான்.

"நாயம்தான் அண்ணா. ஆனா எனக்கு எவரும் சொல்லலியே? நான் கட்டுனது ஒம்போதாயிரத்து எண்ணூறு."

"எங்களுக்கு வந்தது ஏழாயிரத்து நூறு, தம்பி."

"மரி மிச்சம் எக்கட?" மீதிப் பணம் எங்கே போனது என்று கேட்டான்.

"நடுவுல ஒருத்தன் மூஞ்சியே காட்டாம துன்னுட்டுப் போய்க்கினு கீறான்" என்றாள் தபீதாள்.

ரமணா சிரித்துவிட்டான். இஸ்ரேல் சிரிக்கவில்லை. கிருஷ்ணம்மா பீரோவில் எல்லோருடைய காசும் அவரவர் கைக்குத் திரும்பிப் போயிற்று. அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது தன் லாபத்தை மட்டும்தான். இங்கே யார் கையிலும் இல்லாத ஒரு தொகையை யார் விட்டுக்கொடுப்பது? "அத நான் போட்டுக்கறேன்" என்றார் கடைசியில்.

ரமணா போனை எடுத்துக் காட்டினான். அதே மாதிரி கிரைண்டர் பன்னிரண்டாயிரம். கீழே சேவைக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், ஏற்றி இறக்க, மாடி ஏற்ற.

"என் வூட்ல மாடியே லேது. அதுக்கும் காசு" என்றான். "காசு வேணாம் அண்ணா. நீங்க காசு குடுத்தா நான் மறுபடி இதுலதான் போய் விழணும். இதுக்கு ஈடா ஒரு கிரைண்டர் கொண்டாங்க. இத நானே தூக்கி வண்டில வெக்கறேன்."

அவன் மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்தாள். திரும்பும்போது பஸ்ஸில் இஸ்ரேல் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"அவன் மேல தப்பு இல்ல" என்றார்.

"அப்ப யாரு மேல? நான்தான அந்த வரிய எடுத்தேன்?"

"நீ எடுக்கலன்னா அது வித்தே இருக்காது." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சொல்லாத வார்த்தைய அவன் எப்பிடிக் காப்பாத்துவான், சொல்லு."

தபீதாளுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, ஆறுதலாக இல்லாமலும் இருந்தது.

அன்று சாயங்காலமே தன் வீட்டுச் சின்ன கிரைண்டரை செல்லியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெரியது வரும்வரை இதில் ஓட்டு என்றாள். இரண்டு படி அரிசி போட்டாலே சூடாகிவிடும் மிஷின். பெரியதில் ஒரே தடவையில் முடிகிற வேலையை செல்லியம்மா நிறுத்தி நிறுத்தி அரைத்தாள்.

இஸ்ரேல் தேட ஆரம்பித்தார். ஊரில் தெரிந்தவர்களிடம் கேட்டால், "போன்ல இவ்ளோ காட்டுதே இஸ்ரேல், உனக்கு மட்டும் எப்பிடி கொறைக்கறது?" என்றார்கள். பெங்களூரிலிருந்து திரும்பி வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் டிபன் வண்டி போட்டிருந்தார்கள். கிரைண்டர் என்ற வார்த்தைக்கே விலை ஏறியிருந்தது. கடைசியில் ஆப்பிலேயே ஒன்றை வாங்கினார். போட்டோவில் பளபளவென்றிருந்தது. வந்து இறங்கியதும் கல்லுக்குள் கையை விட்டுப் பார்த்தார். உட்கல்லில் விரிசல். திருப்பி அனுப்பினால் வண்டிக் கூலியும் கட்டணமும் திரும்பி வராது என்று அதிலேயே எழுதியிருந்தது. அனுப்பினார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தொட்டுப் பார்க்காமல் ஒரு சாமானை வாங்கியதற்கான தண்டம் அது என்று தபீதாளிடம் சொன்னார். கிறிஸ்துமஸுக்குள் என்று செல்லியம்மாவிடம் சொன்னது ஈஸ்டருக்குள் என்று ஆனது.

ஈஸ்டர் முடிந்த பிறகு அவருக்கு ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தபோது தாமதமாகியிருந்தது. அடக்கத்துக்குப் பத்துப் பேருக்குமேல் வரக் கூடாது என்றிருந்த காலம். ஊரில் பாதிப் பேரின் வீட்டுச் சாமானுக்கு வாக்குக் கொடுத்த மனிதரை வழியனுப்ப ஒரு ஜீப் கூட நிறையவில்லை.

கெடுபிடியெல்லாம் தளர்ந்த பிறகு ஒரு நாள் செல்லியம்மா வந்தாள். ஆட்டோவில் தபீதாளின் சின்ன கிரைண்டர் இருந்தது. கழுவித் துடைத்து, மூடிக்குப் புது ரப்பர்கூடப் போட்டிருந்தாள்.

"அண்ணி, உங்களுத எடுத்துக்குங்க. நான் எப்பிடியாச்சும் பாத்துக்கறேன்."

"நீ எதுல அரைப்ப?"

"மில்லுல குடுத்து அரைச்சிக்கறேன்." அவள் தயங்கினாள். "பெரிசப் பத்தி நெனச்சிக்கினு கீறாதீங்க. கெடு முடிஞ்சி எவ்ளோ நாளாச்சி. அண்ணனும் இல்ல. வுட்டுடுங்க அண்ணி."

தபீதாள் ஆட்டோக்காரனிடம், "எறக்காத, அப்பிடியே திருப்பிக்கினு போ" என்றாள். பிறகு செல்லியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"கெடு முடிஞ்சிதான் போச்சி. ஆனா நீ வந்து கேட்டது எட்டாம் மாசத்துல."

செல்லியம்மா ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஆட்டோ திரும்பிப் போனது.

ஷெட்டைக் காலி செய்தாகிவிட்டது. ஆப்பில் இப்போது தேடுவதற்கும் மாசச் சந்தா வந்துவிட்டது. தபீதாள் அதைக் கட்டிவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஏர்பேட்டிலிருந்து ரமணா அவ்வப்போது கூப்பிட்டு, "அம்மா, ஈடு கெடைச்சிதா? நான் ரெடி" என்பான். இன்னும் கிடைக்கவில்லை. செல்லியம்மாவுக்கு இஸ்ரேல் தர வேண்டிய கிரைண்டர் இன்னும் போய்ச் சேரவில்லை.